ஒட்டுப்பலகை

ஆகஸ்ட் 9

மரக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. காஸ் வந்த தேதியும் குழாயில் தண்ணீர் வந்த தேதியும் தவிர வேறெதையும் நான் இதில் எழுதியதில்லை. இன்றைக்கு எழுத வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் கஸ்பார் வந்தான். என் கூடப் பிறந்த தம்பி. தூத்துக்குடிக் கரையில் தோணி கட்டுகிற ஓடாவி. வந்தவன் காப்பியைக் குடித்துவிட்டுக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். காரியம் இல்லாமல் என் வீட்டுப் படியேறுகிற ஆளில்லை. என்னடா என்று கேட்டதும் சொன்னான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாலத்தீவுக்குப் போகும்போது மூழ்கிப்போன ஞானஸ்தெல்லா தோணியைப் போலவே ஒன்று செய்து கோயில் மண்டபத்தில் வைக்கப்போகிறார்களாம். எட்டில் ஒரு பங்கு அளவு. அதுவே இரண்டு ஆள் நீளத்துக்கு வரும். கீழே கல்லில் செத்தவர்களின் பெயர்கள். கல்லறைத் திருநாளன்று திறப்பு. கோயில் கமிட்டி இவனிடம் வேலையைக் கொடுத்திருக்கிறது. பெரிய பலகை என்றால் பத்துப் பேர் சங்கிலி போட்டு இழுத்து வளைத்துவிடுவார்கள். விரல் கனத்துக்கும் குறைந்த பலகையை வளைக்க இவனுக்குக் கை வராது. மரம் பொறுக்கவும் ஆவி காட்டி வளைக்கவும் நான் வேண்டும். மரக்கடையில் பலகை பிரித்துப் பிரித்தே என் தலை நரைத்தது என்று அவனுக்குத் தெரியும்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கல்லில் டெல்வின் பெயர் வர வேண்டும்.

டெல்வின் என் மகன். ஒரே மகன். அந்தத் தோணியில் போனவர்கள் ஏழு பேர். துறைமுகத்தில் காட்டிய கணக்கில் ஆறு பேர். ஏழாவது ஆள் என் மகன். மாலத்தீவைப் பார்க்க ஆசைப்பட்டுக் கடைசி நேரத்தில் ஏறிப் போய்விட்டான். தோணி முதலாளி இன்று வரை வாய் கூசாமல் சொல்கிறார், அவன் தோணியிலேயே இல்லை, கேரளாவில் எவளோடாவது இருப்பான் என்று. என் மகன் அந்தத் தோணியில்தான் செத்தான் என்று ஊர் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். அதற்கப்புறம் ஒருத்தன் நாக்கும் கேரளா என்று பேசக்கூடாது.

"போட்டுருவோம்க்கா. அவன் பேரு இல்லாம எப்படி?" என்றான் கஸ்பார்.

அப்படியானால் செய்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 14

கஸ்பார் வாங்கி வைத்திருந்த தேக்கைப் பார்த்தேன். சூளையில் போட்டுக் காயவைத்த கட்டை. அலமாரி செய்ய நல்லது. வளைத்தால் அப்பளம்தான். எந்த மடையன் இதை உன் தலையில் கட்டினான் என்று கேட்டதற்கு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டான்.

எங்கள் கடையின் பின்கொட்டகையில் அயினிப் பலகை கிடக்கிறது. வெயிலிலும் காற்றிலும் தானாக ஆறியது, உள்ளே இன்னும் ஈரப்பசை உண்டு. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இழை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். நடுவிலே பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் பிளக்கும். கண், அதாவது கிளை முளைத்த முடிச்சு, இருக்கக்கூடாது, குண்டூசித் தலை அளவுகூட. வெளுப்பு மரத்தை ஒதுக்கினேன். புரட்டியதில் பாதிக்கு மேல் கழிந்துபோயிற்று. கடைக்காரர், மெற்றில்டா என்ன மாப்பிள்ளையா பார்க்கிறாய் என்று கேலி செய்தார். மாப்பிள்ளைக்கு இத்தனை பார்த்திருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 21

வங்குக்கால்களுக்கு, அதாவது தோணியின் விலா எலும்புகளுக்கு, பிறவியிலேயே வளைந்த கிளைதான் வேண்டும். நேர்க்கட்டையை வளைவாக அறுத்தால் இழை அறுந்துபோகும், பலம் இருக்காது. கஸ்பார் ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் கொல்லைப் பூவரசைப் பார்த்தான். வாயைத் திறந்து கேட்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தான்.

டெல்வின் மோட்டார் சைக்கிளை அதன் நிழலில்தான் நிறுத்துவான். சைக்கிளை விற்றாகிவிட்டது. நிழலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்? வெட்டிக்கொள் என்றேன்.

மத்தியானத்துக்குள் மரம் இல்லை. கொல்லை முழுக்க வெயில். துணி சீக்கிரம் காய்கிறது.

ஆகஸ்ட் 30

ஏராவில், அதுதான் அடிமரம், வங்குக்கால்கள் நின்றுவிட்டன. தின்று முடித்த மீன் மாதிரி என் கொல்லையில் நிற்கிறது.

செப்டம்பர் 6

முதல் பலகை. பழைய இரும்புக் குழாய் ஒன்றை அடுப்பின் மேல் சாய்த்து, ஒரு முனையைச் சாக்கால் அடைத்து, மறுமுனையை மூடிபோட்ட அண்டாவோடு சேர்த்துக் களிமண் பூசினேன். நேற்றே பலகையை நனைய வைத்திருந்தேன். அண்டா கொதித்து, குழாய் நெடுக ஆவி வர வேண்டும். கஸ்பாருக்குப் பொறுமை கிடையாது. போதும்க்கா, போதும்க்கா என்று குதித்து, நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் பலகையை உருவிவிட்டான். உருவியவன் உடனே அச்சில் பூட்டினானா? பீடியை ஓரமாக வைத்துவிட்டு வந்து பூட்டினான். பட்டென்று வெடித்தது.

குழாயிலிருந்து எடுத்தால் பேசக்கூட நேரமில்லை. அப்போதுதான் மரம் சொன்னபடி கேட்கும். ஆறிவிட்டால் தன் புத்திக்கு வந்துவிடும். அடுத்ததை நானே எடுத்தேன். வெளிப்பக்கம் விரிந்து பிளக்காமல் இருக்க ஒரு தகரப்பட்டையைச் சேர்த்துப் பிடித்து, அச்சில் ஒரு முனையிலிருந்து மெதுவாகப் படிய வைத்துக் கிளாம்பு போட்டேன். வேண்டிய வளைவைவிடக் கொஞ்சம் கூடவே வளைத்தேன். அவிழ்த்ததும் மரம் கொஞ்சம் திரும்பிப் போகப் பார்க்கும், அதற்காக.

கையில் கொப்புளம். பரவாயில்லை.

செப்டம்பர் 9

அவிழ்த்தோம். நின்றது. கஸ்பார் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த பலகையை எடுக்கப் போய்விட்டான். பாராட்டினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும்.

செப்டம்பர் 19

இரண்டு பக்கமும் பலகை ஏறிக்கொண்டிருக்கிறது. கடையிலிருந்து வந்து அடுப்பை மூட்டுவது, ஒன்றைப் பூட்டுவது, முந்தின நாள் பூட்டியதை அவிழ்ப்பது. சோறு ஆக்குவது அதற்கு அப்புறம்தான். நேற்று இரண்டு வேளையும் ரொட்டி.

தோணி முதலாளி காரில் வந்து பார்த்தார். செய்வதற்கான மரச்செலவெல்லாம் அவருடையதாம். கஸ்பார் கை கட்டி நின்றான். ஆவியில் வியர்த்துப்போய் நின்ற என்னைப் பார்த்து, ஆள் வைத்திருக்கிறாயா என்று அவனைக் கேட்டார். என் மகனைக் கேரளாவுக்கு அனுப்பிய வாய்க்கு என் முகம் ஞாபகமில்லை. கஸ்பார், எங்க அக்காதான் முதலாளி, என்று முணுமுணுத்தான். சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்லில் எழுதுவதைப் பற்றிப் பேசினாயா என்று அப்புறம் கேட்டேன். பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். யார் என்றேன். கமிட்டியில் என்றான். நீயும் கமிட்டிதானே என்றேன். சுத்தியலைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

செப்டம்பர் 27

இன்றைக்குப் பெரிய சண்டை.

அணியத்தில், தோணியின் முன்பக்கம், இடப்புறத்தில் மேலிருந்து நாலாவது பலகை. வளைவு அதிகமான இடம் அதுதான். அந்த ஒரு பலகைக்காகவே கடையில் நல்லதிலும் நல்லதாக ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். நெடும் பலகை, ஒரு கண் கிடையாது. காலையில் வளைத்து அவிழ்த்துப் பார்த்தேன், அச்சுப் போட்டது போல் இருந்தது. கஸ்பார் வந்தான், ரம்பத்தை எடுத்தான், முன்பக்கத்தில் முழ நீளத்தை அறுத்து எறிந்தான். அந்த இடத்தில் ஒரு சின்னத் துண்டை வைத்து ஒட்டுப் போடப்போகிறானாம்.

கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்று கத்தினேன். வளைவிலே யாராவது ஒட்டுப் போடுவார்களா? அதுவும் ஒட்டு வங்குக்காலின் மேல் உட்காராமல் இரண்டு காலுக்கும் நடுவே தொங்குகிறது. ஆணி பிடிக்க அங்கே என்ன இருக்கிறது? கடலில் ஒரு அலை அறைந்தால் அந்தத் துண்டு முதலில் வெளியே வரும். வலப்பக்கம் முழுப்பலகை, இடப்பக்கம் மட்டும் எதற்கு இந்த அசிங்கம்?

"தோணில இருந்தது அப்படித்தாங்க்கா. உள்ளபடி செய்யணும்லா," என்றான். குரல் உயரவேயில்லை. கஸ்பார் என்னோடு சண்டையில் கத்தாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

துண்டை அவனே வைத்தான். ஆணியை அவனே அடித்தான். இழைத்து இழைத்து, பக்கத்துப் பலகையோடு சேரும் கோட்டில் பஞ்சைத் திணித்து, எண்ணெய் பூசி, கண்ணுக்குத் தெரியாத மாதிரி மூடினான். இத்தனை நாளில் இந்த ஒரு வேலைக்குத்தான் அவன் பொறுமையாக உட்கார்ந்தான்.

செப்டம்பர் 28

ஞானஸ்தெல்லா வெள்ளோட்டம் விட்ட அன்று எடுத்த படத்தை வைத்துத்தான் வேலை செய்கிறோம். பெரிய படம், ஒவ்வொரு பலகையும் தெரியும். இடப்பக்கம் நாலாவது பலகை முழுசாக இருக்கிறது. ஒட்டு இல்லை.

பிறகு எப்போதாவது மாற்றியிருப்பார்கள். தோணி என்றால் பழுது வரும், பார்ப்பார்கள். எனக்கென்ன.

இன்றைக்கு மீன்காரி சாளை கொண்டுவந்தாள். குழம்பு வைத்தேன். உப்புக் கூடிவிட்டது.

அக்டோபர் 8

மழை. அடுப்பு பிடிக்கவில்லை. செலஸ்தீனா வீட்டுக்குப் போனேன். தோணியின் தண்டல், அதுதான் தலைவன், அவள் புருஷன். கல்லில் முதல் பெயர் அவருடையதுதான். அவளிடம் நான் அதிகம் போவதில்லை. அவள் புருஷன் செத்தான் என்று ஊரே சொல்லும். அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும். இதை எழுதவே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன், தோணியில் கடைசியாக என்ன பழுது பார்த்தார்கள் என்று. அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. புறப்படுவதற்கு முந்தின வாரம் அணியத்தில் தண்ணீர் கசிந்ததாம். அவள் புருஷன் முழுப்பலகையையும் மாற்றாமல் தோணியை எடுக்கமாட்டேன் என்று சத்தம் போட்டாராம். சரக்கு ஏற்றியாகிவிட்டது, நாள் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டாராம். துண்டு போட்டு அடைத்தார்களாம்.

"ஓடாவியும் கூடவே வருவாரு, வழியில பாத்துக்கிடுவாருன்னு முதலாளி சொன்னாவளாம். அதுக்கப்புறம்தான் இவிய சரின்னாவ," என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கஸ்பாருக்கு அந்த வாரம் காய்ச்சல். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். கட்டிலில் உட்கார்ந்து, தொட்டுக்கொள்ளக் கருவாடு இருக்கிறதா என்று கேட்டான். காய்ச்சல்காரன் கருவாடு கேட்கிறானே என்று சிரித்தேன்.

டெல்வின் இரண்டு வருஷம் மாமனோடு கரையில் நின்று பஞ்சு திணிக்கிற வேலை பழகியிருந்தான்.

அக்டோபர் 9

கடைக்குப் போகவில்லை. வயிற்றுவலி.

அக்டோபர் 11

மாலத்தீவைப் பார்க்க ஆசைப்பட்டுப் போனான் என்று இரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த டைரியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. துறைமுகத்துத் தோணிப் பாலத்திலிருந்து போன் செய்தான். மாமா ஒரு வேலையா போயிட்டு வரச் சொன்னாவ, சும்மா கூட இருந்தா போதுமாம், அப்படியே மாலத்தீவையும் பாத்துட்டு வந்துருவேன் என்றான். பின்பாதியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

கடைசிப் பலகையை இன்று வளைத்தேன். வேலையைப் பாதியில் விட எனக்குத் தெரியாது, அதுதான் என் சனியன்.

அக்டோபர் 15

கஸ்பார் வந்தான். முகம் தெளிவாக இருந்தது. டெல்வின் பெயரைப் போட முதலாளி சம்மதித்துவிட்டாராம். நான் ஒரு வார்த்தை பங்குச்சாமியார் முன்னால் சொன்னால் போதுமாம். யாருக்கும் தெரியாமல் அவனாகவே தோணியில் ஏறி ஒளிந்துகொண்டு போனான் என்று.

"பேரு வந்துரும்லாக்கா. நீ கேட்டது அதான?" என்றான்.

நான் கேட்டது அதுதான். இரண்டு மாதமாக என் அடுப்பும் என் கையும் என் மரமும் வெந்தது அதற்குத்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவன் போனபிறகு உண்மையாகவே யோசித்தேன். கல்லில் பெயர் மட்டும்தான் இருக்கும், எப்படி ஏறினான் என்று கல்லில் எழுதமாட்டார்கள். நாலு வருஷம் போனால் யார் நினைவில் இருக்கப்போகிறது? பெயர் நிற்கும். அழுகையாக வந்தது. திருட்டுத்தனமாக ஏறினான் என்று பெற்றவள் வாயாலேயே சொல்ல வேண்டுமாம்.

அக்டோபர் 16

மத்தியானம் கொல்லையில் கஸ்பார் தோணிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். போய் எதிரில் நின்றேன். நாலாவது பலகைத் துண்டின் மேல் கையை வைத்தேன். ஞானஸ்தெல்லாவில் இதைப் போட்டது யார் என்று கேட்டேன்.

அவன் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தான். நான் விடவில்லை. போக வேண்டிய ஓடாவி யார் என்று கேட்டேன். காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கேட்டேன்.

"துண்டு நிக்காதுன்னு எனக்குத் தெரியும்க்கா," என்றான். "எனக்கு மூணும் பொட்டப்புள்ள. நான் போயிட்டா அதுங்க கதி?"

"எனக்கு ஒண்ணே ஒண்ணுல்லால இருந்தான்."

அவன் அழுதான். எனக்கு அவன் அழுகையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் வந்தது. பெயர் போட்டால் எதற்கு ஏறினான் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் ஒட்டு வரும். ஒட்டு வந்தால் ஓடாவி வருவான். முதலாளிக்குப் பயந்து மட்டும் இவன் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பங்குச்சாமியார் முன்னால் நீ வந்து நடந்ததைச் சொல் என்றேன். தலையை ஆட்டினான். முடியாது என்கிற ஆட்டல். பொம்மைத் தோணியில் மட்டும் உள்ளபடி செய்ய வேண்டுமாம், துரைக்கு.

நான் எந்தப் பொய்யும் சொல்லப்போவதில்லை, பெயர் வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிடு என்றேன். என் வாசலை மிதிக்காதே என்றும் சொன்னேன்.

அக்டோபர் 24

தோணியை எடுத்துப்போனார்கள். கதவை உட்புறம் தாழ் போட்டுக்கொண்டு இருந்தேன். எட்டுப் பேர் தூக்கினார்களாம். கொல்லையில் பூவரசின் அடிக்கட்டையும் சாம்பலும்தான் கிடக்கின்றன. சாம்பலை அள்ளிப் போட்டேன்.

அக்டோபர் 29

விடாத மழை. ஓடு ஒழுகுகிறது. சட்டி வைத்திருக்கிறேன்.

கல் வந்துவிட்டதாம். செலஸ்தீனா வந்து சொன்னாள். ஆறு பெயர்கள். நான் எதுவும் கேட்கவில்லை, அவளாகத்தான் அழுதாள்.

நவம்பர் 1

கோயில் அலுவலகத்துக்குப் போய், நாளைப் பூசையில் வாசிக்கச் செத்தவர் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். வருஷா வருஷம் டெல்வின் பெயரை, அவன் அப்பா பெயரை, எங்கள் அய்யா அம்மா பெயரை என்று வரிசையாகக் கொடுப்பேன். அது யாரும் கொடுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இந்த வருஷம் ஒரு பெயர்தான் கொடுத்தேன். புதிதாக வந்திருக்கிற பெண், எப்போது இறந்தார்கள் என்று கேட்டாள். இரண்டு வருஷமாயிற்று என்றேன்.

நவம்பர் 2

காலையில் மண்டபத்தில் திறப்பு. நானும் போனேன். வெள்ளை வேட்டி கட்டிய கூட்டம், நடுவில் தோணி. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அணியத்து வளைவைப் பார்த்து எல்லோரும் கஸ்பார் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முதலாளி சால்வை போர்த்தினார். கஸ்பார் ஒரு தடவை என் பக்கம் பார்த்தான். நான் வேறெங்கும் பார்க்காமல் அவனையே பார்த்தேன். அவன்தான் குனிந்தான்.

அங்கிருந்து அப்படியே பூசைக்கு. கமிட்டிக்காரர்கள் முன்வரிசை. கஸ்பார் சால்வையோடு உட்கார்ந்திருந்தான். எங்கள் கோயிலில் கல்லறைத் திருநாளன்று உபதேசியார் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் ஜனங்கள், இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே, என்று பதில் சொல்ல வேண்டும். முதலில் தோணிக்காரர்கள் ஆறு பேரின் பெயர். பிறகு ஊர்ச் செத்தவர்கள் எல்லோரும். பக்கம் பக்கமாகப் போகும். கொஞ்ச நேரத்தில் யாருக்கும் பெயர் காதில் ஏறாது, வாய் மட்டும் தானாகச் சொல்லிக்கொண்டிருக்கும். உபதேசியாருக்கும் அப்படித்தான், தலையை நிமிர்த்தாமல் வாசித்துக்கொண்டே போவார். கஸ்பாருக்கு நல்ல கனத்த குரல். அவன் பதில் சொல்வது பின்வரிசையில் பெண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது.

"மிக்கேல் கஸ்பார். ஆன்ம இளைப்பாற்றிக்காக, அக்காள் மெற்றில்டா," என்று வாசித்தார் உபதேசியார்.

இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே என்றது கோயில். கஸ்பாரும் சொன்னான். முழுசாகச் சொல்லி முடித்துவிட்டான், அதே கனத்த குரலில். அப்புறம்தான் உபதேசியாரின் விரல் தாளில் நின்றது. ஒவ்வொரு வரிசையாகச் சத்தம் அடங்கியது. பக்கத்தில் இருந்த முதலாளி கஸ்பாரைத் திரும்பிப் பார்த்தார். கஸ்பார் எழுந்தான், என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றான். பிறகு திரும்பி, அத்தனை தலைகளுக்கும் மேலாக என்னைத் தேடினான்.

யாரும் பதில் சொல்லாத அந்த நேரத்தில் நான் மட்டும் இன்னொரு தடவை சொன்னேன், இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.